வெள்ளையடித்த மண்டபம்

மச்சான்,

காலையிலிருந்து எஸ்டேட் முழுக்கச் சிமெண்டுப் புழுதி வாடை. வறுக்கிற தேயிலை மணம்கூட மூக்குக்கு எட்டவில்லை. நீ கட்டிய மண்டபத்தை இடிக்கிறார்கள்.

கோலாலம்பூரில் நீ எழுப்பிய கட்டடங்களைப் பார்த்துப் படிக்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வருகிறார்களாம். பூச்சே இல்லாத சாம்பல் சுவர்தான் உன் அடையாளம். அதே மாதிரி, நாம் பிறந்த தொழிலாளர் லயத்துக்குப் பக்கத்தில் கல்யாணங்களுக்கென்று ஒரு மண்டபம் கட்டித் தந்தாய். நம் ஆட்களுக்கு அது எங்கே புரிந்தது? வேலை பாதியில் நின்றுவிட்டது என்றே நினைத்தார்கள். "பாவம்லா அண்ணன், பூச்சு வேலைக்கு ஆள் கிடைக்கலபோல" என்று என் மனைவி உச்சுக் கொட்டினாள். தீபாவளிக்கு லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்த கையோடு மண்டபத்துக்கும் அடித்துவிட்டோம்.

தைப்பூசத்துக்கு நீ வந்தாய். வெள்ளைச் சுவரைப் பார்த்ததும் உன் முகம் சுருங்கியது. "சுரண்டிடலாமா?" என்று கேட்டேன். நீ சுண்ணாம்பை ஒருமுறை தடவிப் பார்த்தாய். பிறகு, "விடு மச்சான். நம்ம வீடுன்னு நெனச்சுதான அடிச்சிருக்காங்க" என்றாய். அடுத்த தீபாவளிக்கு நீயே பிரஷ்ஷைப் பிடித்தாய். சட்டையெல்லாம் சுண்ணாம்போடு நீ நின்றதைப் பார்த்து லயமே சிரித்தது.

இப்போது அந்த இடத்தில் ஸ்ட்ராபெரிக் கொட்டகை வரப்போகிறது. நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் கட்டடங்களைக் காப்பாற்றுகிற குழு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, நான்தான் அவர்களை வரவழைத்தேன். வந்தவள் ஈப்போக்காரி, தமிழ்ப் பிள்ளை. ஓரிடத்தில் சுரண்டிப் பார்த்தாள். வார்ப்புப் பலகைகள் உன் சுவரில் விட்டிருந்த மரவரிகளும் சுண்ணாம்போடு பெயர்ந்து வந்தன.

"அவரு வேலதான் அங்கிள். ஆனா அவரு விட்டுட்டுப் போன மாதிரி இல்லயே. இத எங்க குழுவுல ஏத்துக்க மாட்டாங்க."

"அவரும் கூட நின்னு அடிச்சாரும்மா" என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு பையை மாட்டிக்கொண்டாள்.

உன்னைக் கொண்டாடுகிறவர்களுக்கு அந்தச் சுண்ணாம்பு வெறும் கறை. யாரிடம் போய் என்ன சொல்வது? இனிச் சொல்லியும் ஆகப்போவது ஒன்றுமில்லை. பாதிச் சுவர் விழுந்துவிட்டது.

அன்றைக்கு நீ ஒரு அதட்டல் போட்டிருந்தால் போதும், நாங்கள் பயந்து கழுவி விட்டிருப்போம், மண்டபம் நின்றிருக்கும். எங்கள் மனம் நோகக்கூடாதென்று நீ வாயை மூடிக்கொண்டாய். அதை நினைத்தால் உன்மேல் கோபம் கோபமாக வருகிறது மச்சான், திட்ட வாயெடுத்தால் அழுகைதான் வருகிறது.