இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளி

அன்புள்ள தரணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நைரோபியில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, நடக்கச் சொன்னால் மட்டும் கால்வலி வந்துவிடுகிறது. போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய், எனக்கும் நாக்கு எழாது, அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

தேஜஸ்ரீயைப் பற்றித்தான். என் அண்ணனும் அண்ணியும் ஒரே கார் விபத்தில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, வீரபாண்டி பனியன் கம்பெனியும் கட்டடமும் அவள் ஒருத்தி பேருக்கு வந்தன. அத்தை மகன் நீ, முறை உனக்குத்தான். நீங்கள் ஒருவரை ஒருவர் விரும்பியதும் எனக்குத் தெரியும், தெரியாததுபோல் இருந்தேன். ஒரு கல்யாணப் பந்தியில் லிங்கசாமி பெரியப்பா எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "ரங்காத்தா கெட்டிக்காரிங்கோ, அண்ணன் போனான், கம்பெனி மகன் கைக்கு வருது" என்று சொல்லிச் சிரித்தார். பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். அடுத்த மாதமே பிரபாகர் ஜாதகம் வந்தது, வெளிநாட்டு ஆர்டர் பிடித்துத் தருகிற ஆபீஸில் வேலை, வாயைத் திறந்தால் "நல்லாருக்கீங்களாங்க அத்தை" என்று குழைவான். ஊர் வாயை அடைக்க இவன் போதும் என்று நினைத்தேன்.

கோயிலில் பூக் கேட்டது உனக்கு நினைவிருக்கும். வெள்ளரளி வந்தால் தரணிக்கு, செவ்வரளி வந்தால் பிரபாகருக்கு என்று சொல்லி இரண்டு பொட்டலத்தை அம்மன் காலடியில் வைத்தோம், ஒரு குழந்தை எடுத்துக் கொடுத்ததில் செவ்வரளி வந்தது. மூன்றே மாதத்தில் நீ விமானம் ஏறிவிட்டாய். தரணி, பொட்டலம் மடித்தவள் நான். இரண்டிலும் செவ்வரளிதான் வைத்தேன். மற்றதைப் பிரித்துப் பார்க்கிற வழக்கம் நமக்கு இல்லை, அதை மடியில் கட்டிக்கொண்டு வந்து கிணற்றில் போட்டேன்.

சொத்துக்கு ஆசைப்பட்டவள் என்ற பேர் வேண்டாமென்று, சொத்துக்காகவே வந்தவனிடம் அவளைக் கொடுத்தேன். சாம்பிளை அவள் கம்பெனியில் தைத்து, சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் சரி என்றதும் ஆர்டரைத் தன் அண்ணன் பேரில் நடத்துகிற கம்பெனிக்குத் திருப்பிவிடுவான், இவளிடம் பையர் வேண்டாமென்றுவிட்டான் என்பான். அவள் கம்பெனி டெய்லர் நாகஜோதி இரண்டு வருடம் முன்பே என்னிடம் வந்து, "அம்மா, இங்க சாம்பிள் மட்டுந்தாம்மா, மொத்தமும் அங்கன தச்சுக்கிட்டு இருக்காங்க" என்றாள். பிழைக்க வந்தவள் எங்கள் மாப்பிள்ளையைச் சொல்வதா என்று விரட்டினேன், அவனிடமும் சொல்லிவைத்தேன், மறுநாள் அவளுக்கு வேலை போனது. போன மாதம் காதர்பேட்டைக் கடையில், கேன்சல் ஆனதாக அவன் சொன்ன குழந்தைச் சட்டை தொங்குவதைத் தேஜுவே பார்த்தாள். அவள் வரைந்த டிசைன், அவன் அண்ணன் கம்பெனி லேபிள்.

அப்படியும் அவள் அசையவில்லை. கம்பெனி நஷ்டத்தில் இருக்கிறது, கட்டடத்தைத் தன் பேருக்கு எழுதிக்கொடு என்று அவன் புதன்கிழமை பத்திரப் பதிவுக்கு நாள் குறித்தான். வேண்டாம் என்று நான் அழுதேன். "அம்மன் பூக் குடுத்த கல்யாணமுங்க அத்தை. மனசுல வேற ஒருத்தர வெச்சுட்டுக் கழுத்த நீட்டுனேன், அதுக்குத்தான் அனுபவிக்கறேன். இனி சாமி வாக்க மீறுனா இன்னும் யாரு போவாங்களோ" என்றாள். செவ்வாய்க்கிழமை கம்பெனிக்குப் போய், கட்டிங் டேபிள் பக்கத்தில் நின்று உண்மையைச் சொன்னேன்.

அவள் அழவில்லை. தரணி மாமாவுக்குத் தெரியுமுங்களா என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். "அப்ப மொதல்ல அவருக்கு எழுதுங்க, அப்புறம் நாகஜோதியத் தேடிக் கூட்டியாங்க" என்றாள். புதன்கிழமை பதிவுக்குப் போகவில்லை, வக்கீலைப் பார்த்துவிட்டாள். பிரபாகர் நம் வீட்டு வாசலில் வந்து கத்தினான். "குடும்பப் பேரைக் கெடுத்துட்டயே" என்று உன் அப்பா என்னோடு பேசுவதில்லை. நாகஜோதி இப்போது அனுப்பர்பாளையத்தில் ஒரு யூனிட்டில் இருக்கிறாள். கோர்ட்டுக்கு வந்து சொல்கிறாளாம். "வாரேம்மா, ஆனா உங்க கார்ல ஏற மாட்டேன், பஸ்ஸுலயே வந்துக்கிடுதேன்" என்றாள். எனக்கு அது வேண்டியதுதான்.

நீ பாவம் பார்த்து ஓடி வராதே, இனி அவளுக்கு யாரும் முடிவு செய்ய வேண்டாம். என்னைத் திட்டியாவது நாலு வரி எழுது. நேற்று தேஜுவைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, என்னை மன்னிப்பாயா கண்ணு என்று கேட்டேன். "சாமி சொல்லுச்சுன்னுதானுங்க பொறுத்துட்டுக் கெடந்தேன். நீங்க சொன்னதுன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சண்டை போட்டிருப்பேனுங்க அத்தை" என்றாள்.

நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். விசா புதுப்பிக்கிற தேதியை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ரங்காத்தாள்