இந்த வருடம் மேட்ச் இல்லை, அண்ணா

என் பிரியமுள்ள சாமுவேல் அண்ணாவுக்கு,

இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று வாரமாகத் தவிக்கிறேன். நம் ஃபுட்பால் டீம் இந்த வருடம் ஆடவில்லை. தோற்று வெளியேறவில்லை, அண்ணா. லீக் எப்போது தொடங்கும் என்று யாருக்குமே தெரியவில்லை. 'செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறோம்' என்று கிளப் நாலு வரி அறிவிப்புப் போட்டது. அந்த நாலு வரியில் நம்மைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நீ இருந்தபோதே இது ஆரம்பித்துவிட்டது, இல்லையா? முதலில் நேரத்தில் கை வைத்தார்கள். டிவிக்காரர்களுக்கு வசதியென்று வாரநாளில் மேட்ச் போட்டார்கள். நீ உன் ஆபீசிலும் நான் என் பள்ளிக்கூட ஆபீசிலும் ஏதோ பொய் சொல்லிவிட்டு, தாம்பரத்தில் எலக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து, பூங்கா ஸ்டேஷனில் இறங்கி ஸ்டேடியத்துக்கு ஓடுவோம். பிறகு டிக்கெட் கவுன்ட்டர் போய் ஆப் வந்தது. பிறகு ஸ்பான்சர் மாறி ஜெர்சியின் நிறமே மாறியது. ஒவ்வொன்றுக்கும் நீ கிளப்புக்கு மெயில் போட்டாய். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வரும்.

"பாத்தியா கிரேஸ், நான் மதிப்புமிக்க வாடிக்கையாளராம்" என்று படித்துக் காட்டிச் சிரித்தாய். ஆனால் தட்டில் பாதிச் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்துபோனாய். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். அடக்கம் முடிந்த இரண்டாம் வாரம், அண்ணி என்னிடம் வந்து, "அடுத்த மேட்ச் எப்போ?" என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவே இல்லை. சனிக்கிழமை ஆனால் மேட்சுக்குப் போகிறாய் என்று உன்னோடு சண்டை போடும் அதே ஸ்டெல்லா அண்ணிதான்.

பல்லாவரம் பஷீரிடம் சொன்னேன். அவன் தோல் கம்பெனியில் வேலை முடித்து நேராக ஸ்டாண்டுக்கு வந்து உன் பக்கத்தில் நிற்பவன், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவனே ஒரு வெள்ளைப் போர்வை வாங்கி, 'சாமுவேல் அண்ணன், செம்பாக்கம்' என்று பெரிதாக எழுதிக் கொண்டுவந்தான். பேனருக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்று புது விதி. பத்து நாள் முன்னாடியே விண்ணப்பித்திருந்தோம். அனுமதி இல்லை என்ற பதில் மேட்ச் அன்று மத்தியானம்தான் வந்தது. இருந்தாலும் அண்ணியோடு மூவரும் அதை எடுத்துக்கொண்டு போனோம்.

கேட்டில் நின்ற பெண், "ஸ்பான்சர் போர்டு மறைஞ்சிடும் சார்" என்றாள்.

"செத்துப்போனவரு பேரும்மா இது. வேற ஒண்ணும் எழுதல" என்றான் பஷீர்.

"புரியுது சார். ரூல்ஸ் அப்படி."

பிடுங்கிய குடைகளும் தண்ணீர் பாட்டில்களும் கிடந்த குவியலில் அந்தப் போர்வையையும் போட்டார்கள். மேட்ச் முடிந்து வெளியே வந்து பார்த்தால் குவியலே இல்லை. குப்பை வண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டதாம். பஷீர் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். உன் பெயரைக் காப்பாற்ற முடியவில்லை, அண்ணா. எங்களை மன்னித்துவிடு.

ஆனால் உள்ளே நடந்ததையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அண்ணி ஒரு நிமிடம்கூட மைதானத்தைப் பார்க்கவில்லை. ஸ்டாண்டில் ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கொச்சிக்கு ரயிலில் போனபோது நீ எல்லோருக்கும் தோசை கட்டிக்கொண்டு வந்ததை ஒருவர் சொன்னார். ஆறு கோல் வாங்கிய அன்றும் கடைசி வரை நின்று கத்தியதை இன்னொருவர் சொன்னார். ஒரு காலேஜ் பெண், நீதான் அவளுடைய அப்பாவிடம் பேசி அவளை மேட்சுக்கு வர வைத்தாய் என்று அழுதாள். அண்ணிக்கு இதில் ஒன்றுமே தெரியாது.

திரும்பும்போது ட்ரெயினில் என் தோளில் சாய்ந்து சொன்னார்: "வீட்ல யாரும் இப்ப அவரைப் பத்திப் பேசறதே இல்ல கிரேஸ். நான் அழுவேன்னு பயப்படுறாங்க. இங்கதான் பேசறாங்க. இனிமே எல்லா மேட்சுக்கும் நான் வரேன்."

அந்த வருடம் மிச்சமிருந்த எல்லா மேட்சுக்கும் வந்தார். நீயே சொல், மேட்சே இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்லியிருப்பேன்?

நம் ரசிகர்களின் வாட்சப் குழுவிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறுகிறார்கள். சின்னப் பையன்களெல்லாம் மேடவாக்கத்தில் ஒரு ஹோட்டலில் திரை கட்டி வெளிநாட்டு கிளப் ஆட்டம் பார்க்கிறார்கள். பாவம், அன்போடு அண்ணியையும் கூப்பிட்டார்கள். போய் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். "இங்க யாருக்கும் அவரைத் தெரியல" என்று எழுந்து வந்துவிட்டார்.

கடைசியில் நான் சொன்னதை நம்பாமல், போன சனிக்கிழமை அண்ணியே பிடிவாதம் பிடித்ததால், அவரும் பஷீரும் நானும் ஆட்டோ வைத்து கிளப் ஆபீசுக்குப் போனோம். வழியெல்லாம் தண்ணீர் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று, போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். வாசலில் இருந்த கிளப் போர்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். வாட்ச்மேன் ஒருவர் மட்டும் இருந்தார்.

"இன்னாம்மா வேணும்? காலி பண்ட்டாங்களே."

"மேட்ச் எப்ப ஆரம்பிக்கும்னு கேக்கணும்" என்றார் அண்ணி.

"யார்ட்ட கேப்ப? எனக்கே இந்த மாசத்தோட வேலை முடிஞ்சுதும்மா."

அண்ணி தலையாட்டினார். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். வாட்ச்மேன் பயந்துபோய்த் தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். அதில் உட்கார்ந்து அழுதார், அண்ணா. உன் சவப்பெட்டியை மூடியபோதுகூட அழாதவர், சனிக்கிழமை மத்தியான வெயிலில், மூடிக்கிடந்த ஆபீஸ் வாசலில், வாய்விட்டு அழுதார்.

"பன்னெண்டு வருஷம் என்னைக் கூப்பிட்டாரு கிரேஸ். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை போயிருக்கக் கூடாதா நான்?"

இதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா, அண்ணா?

டீம் திரும்பி வரும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. அதை விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் என்னைக் கேட்டு எதையும் செய்யப்போவதில்லை. என்னால் முடிந்தது ஒன்றுதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அண்ணியிடம் போவேன். நாம் சேர்ந்து பார்த்த மேட்சுகளில் ஒன்றை, முதல் நிமிடத்திலிருந்து, நீ என்ன கத்தினாய், யாரைத் திட்டினாய், எதற்குத் துள்ளினாய் என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு மேட்ச். எண்ணிப் பார்த்தேன், இரண்டு வருடத்துக்குத் தாங்கும்.

அதற்குள் அவர்கள் ஆடத் தொடங்கிவிட வேண்டும், அண்ணா. என்னிடம் அதற்கு மேல் நீ இல்லை.

உன் ஒரே தங்கை,
கிரேஸ்