பஞ்சுவுக்கு ஊசி போட்ட சனிக்கிழமை

மங்கலம் ரோடு, திருப்பூர்
புதன்கிழமை

அன்புக் கண்ணு தேஜஸ்ரீக்கு,

இங்கே நான் நலம், அம்மா நலம், பஞ்சு இன்று காலையிலிருந்துதான் நலம். டப்ளின் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால் உன்மேல் இருக்கிற கோபத்தை எழுதி முடித்துவிடுகிறேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "அப்பா, அப்பா" என்று இழுப்பாய், நானும் இளகிவிடுவேன், அதனால்தான் கம்பெனியில் செக்கிங் ரிப்போர்ட் எழுதுகிற அட்டையை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டு அபிராமி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துப் படி.

போன சனிக்கிழமை பஞ்சுவுக்கு வருஷ ஊசி போட வேண்டும் என்று பல்லடத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன், நீ வழக்கமாகக் காட்டுகிற டாக்டர் ஊர் மாறிப் போய்விட்டாராம். இந்த வீட்டுக்கு நாயே வேண்டாம் என்று சொன்னவன் நான், அது ஞாபகம் இருக்கட்டும். "ரெண்டே வருசந்தானுங்கப்பா, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு நீ விமானம் ஏறிவிட்டாய், நான் காரின் பின்சீட்டில் பனியன் வேஸ்ட் துணியை விரித்து அதற்கு மெத்தை போட்டு ஊர்வலம் கூட்டிப் போகிறேன். தடுப்பூசிப் புத்தகம் எங்கேங்க என்று டாக்டரம்மா கேட்டார். பீரோவிலிருந்து பிரிட்ஜின் மேல் வரைக்கும் தேடியாயிற்று, கிடைக்கவில்லை என்றேன். சரி, இதற்கு முன்னால் ஊசி போட்டபோது ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஒண்ணுமே வந்ததில்லீங்க, கல்லாட்ட இருக்குமுங்க" என்றேன். அந்த அம்மா புதுப் புத்தகம் ஒன்று போட்டு, ஊசியும் போட்டார்.

போட்டுவிட்டுப் பொறுமையாகத்தான் சொன்னார். இரண்டு நாளைக்குச் சோர்ந்து கிடக்கும், சாப்பாடு குறையும், லேசாக உடம்பு சுடும், ஊசி போட்ட இடத்தில் சின்னக் கட்டி தட்டுப்படும், இதெல்லாம் வழக்கமாக வருகிறதுதான், தானாகப் போய்விடும், பயப்படாதீர்கள். ஆனால் முகம் வீங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் தூக்கி வாருங்கள், அதற்காகத்தான் ஒரு அரை மணி நேரம் இங்கேயே உட்காரச் சொல்கிறோம் என்றார். உட்கார்ந்தேன், பத்து நிமிஷம். அதற்குள் கம்பெனியிலிருந்து முருகேஷ் போன் போட்டு, "வண்டி வந்து நிக்குதுங்கண்ணா, நீங்க வந்தாத்தான் லோடு ஏத்த முடியும்" என்றான். கிளம்பிவிட்டேன். இது என் தப்பு, இதை நான் மறைக்கப் போவதில்லை.

ஒரு பிரைவேட் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நகர்ந்துகொண்டிருக்கும்போது சத்தமே இல்லையே என்று கண்ணாடியில் பார்த்தேன். பஞ்சுவின் முகம் பன்னு மாதிரி உப்பியிருந்தது கண்ணு. ஒரு கண் மூடிப்போயிருந்தது, உதடு தொங்கியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பனியன் வேஸ்ட்டின் மேல் வாந்தி எடுத்தது. எந்த இடத்தில் வண்டியைத் திருப்பினேன், எவன் என்னைத் திட்டினான், ஒன்றும் நினைவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள்ளே ஓடியதும் டாக்டரம்மா மாற்று ஊசி போட்டு ஒன்றரை மணி நேரம் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா தொண்டையும் வீங்கியிருக்குமுங்க" என்றார். லோடு ஏற்ற அவசரப்பட்டவன் அங்கே தரையில் உட்கார்ந்து அது மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முருகேஷ் பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறான், எடுக்கவே இல்லை.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்து நாயை இறக்கும்போது அபிராமி பார்த்துவிட்டு, "ஏனுங்க மாமா, மறுபடியும் இப்படி ஆயிருச்சுங்களா" என்றாள். மறுபடியும் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அந்தப் பிள்ளை திருதிருவென்று முழித்தது. அதட்டிக் கேட்டதும் சொல்லிவிட்டது. போன வருஷமும் ஊசி போட்டபிறகு முகம் வீங்கியிருக்கிறது, நீயும் அபிராமியும் அவள் வீட்டில் ஒரு நாள் முழுக்க அதை வைத்திருந்துவிட்டு, வீக்கம் வடிந்தபிறகு கூட்டி வந்திருக்கிறீர்கள். டாக்டர் அதைப் புத்தகத்தில் எழுதியும் கொடுத்திருக்கிறார். அந்தப் புத்தகம் உன் சர்டிபிகேட் பைலோடு டப்ளினில் இருக்கிறது. அப்பாவுக்குத் தெரிந்தால் நோஞ்சான் நாய் என்று சொல்லி வைத்துக்கொள்ள மாட்டார் என்று மறைத்தாயாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுப் போயிருக்கிறாயே சாமி, அதை எடுத்து என் தலையிலல்லவா போட்டுக்கொண்டேன்.

உங்கப்பன் முப்பது வருஷமாக என்ன வேலை செய்கிறான்? செக்கிங். துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம், நீ சின்னப் பிள்ளையில் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு திரிவாயே, அதேதான். துணியில் குறை இருப்பது தப்பே இல்லை, எந்தத் துணியில் குறை இல்லை. ஸ்டிக்கர் ஒட்டாமல் அடுத்த டேபிளுக்குத் தள்ளிவிடுகிறவர்களைத்தான் நான் திட்டுவேன். நீ என் டேபிளுக்கு அப்படித்தான் தள்ளிவிட்டாய். சொல்லியிருந்தால் நான் நாயைத் தெருவிலா விட்டிருப்பேன்? என்னைப் பற்றி அவ்வளவுதான் உன் எண்ணமா? இதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அதற்கப்புறம் இரண்டு நாள் அது சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, கட்டியும் வந்தது. அம்மா அதன்மேல் மஞ்சள் பத்துப் போட வந்தாள், நான் தடுத்தேன், உடனே ஆரம்பித்துவிட்டாள். "ஊசி போடப் போன மனுசன் அரை மணி நேரம் உக்கார மாட்டாரா, கம்பெனி என்ன ஓடியா போயிரும்" என்று நேற்றுவரை அதே பாட்டு. இனிமேல் ஊசியே வேண்டாம் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன், அதற்கும் திட்டு வாங்கினேன். ஊசியை விடக் கூடாதாம், முன்கூட்டியே சொன்னால் வீக்கம் வராமலிருக்க மருந்து கொடுத்துவிட்டு, ஊசிகளை ஒன்றொன்றாகப் பிரித்துப் போட்டுப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாமாம். இன்று காலை பால்சோறு முழுதும் தின்றுவிட்டு என் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியது. புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நானே ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் பஞ்சுவைக் காட்டச் சொன்னபோது, வீங்காத பக்கமாகப் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். நீ பயந்துவிடுவாய் என்று நானும் அதே பூசணிக்காயைத்தான் மறைத்தேன். அப்படிப் போனைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. நீயும் மூன்று வாரமாக உன் முகத்தைக் காட்டாமல் ஜன்னலையும் மழையையும்தானே காட்டுகிறாய். அம்மாவிடம் நான் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பெருமாநல்லூர் கொண்டத்துக்காளியம்மன் உன்னைக் காப்பாற்றட்டும், நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு. பஞ்சுவின் புத்தகத்தில் ஒரு பக்கம் விடாமல் படம் எடுத்து அனுப்பு, மறக்காதே. பிறகு என்னைக் கூப்பிடு. கேமராவை உன் பக்கம் திருப்பி வை. சொல்ல முடிந்தால் சொல், முடியாவிட்டால் சும்மா இரு. நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன், எந்த வண்டி வந்து நின்றாலும் எழுந்திருக்க மாட்டேன்.

கோபம் தீராத,
உன் அப்பா
லிங்கசாமி