சூசையப்பரின் இலை

1938 பெப்ரவரி 6, ஞாயிறு

இன்று செபப்புத்தகத்தில் ஒரு பக்கம் முழுவதையும் யாருடைய உதவியும் இல்லாமல் வாசித்தேன். அறுபத்தெட்டு வயதில்! எனக்கு எழுத்துப் பழக்கிய உபதேசியார், "அடைக்கலநாதன் அண்ணை, இனி ஒரு கொப்பியிலை நாலு வரி எழுதிப் பழகும்" என்றார். அதுதான் இது. வாசித்து முடித்த சந்தோசத்தில் "கேட்டியோ?" என்று திரும்பினேன். என் பெண்சாதி இராசமலர் செத்து ஆறு மாதம். மறந்துபோனேன்.

பெப்ரவரி 9

செபமாலையில் முதற்பாதியை நான் சொல்ல, மறுபாதியை அவள் சொல்லுவாள். இப்போது இரண்டையும் நானே சொல்லுகிறேன்.

மார்ச் 2, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பல். வீட்டில் பார்க்க ஆளில்லை.

மார்ச் 13

வருகிற சனிக்கிழமை சூசையப்பர் திருநாள். அன்றைக்கு ஏழைகள் மூவரைக் கூப்பிட்டு, ஒரு கிழவனைச் சூசையப்பராகவும் ஒரு பெண்ணை மாதாவாகவும் ஒரு பிள்ளையைப் பாலனாகவும் இருத்தி, கால் கழுவிச் சோறு போடுவது இராசமலரின் நேர்த்திக்கடன். முப்பது வருடம் தவறவில்லை. சாப்பாடு முடியும்வரை அவர்களை வேறு பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. சூசையப்பராக எப்போதும் செபநாயகந்தான் வருவார். இன்று அவரிடம் போனேன்.

"உமக்கு உலை வைக்கவே தெரியாது, எனக்கு விருந்தோ?" என்று சிரித்தார். "நேர்த்தியை உம்மடை மகள் எடுத்திட்டாள். என்னையும் வரச்சொல்லிப் போட்டாள்."

மரியரட்ணம். என் ஒரே பிள்ளை. மூன்று ஒழுங்கை தள்ளி இருக்கிறாள். ஏழு வருடத்துக்கு முன், என் தங்கச்சியின் மகனுக்கு நான் கலியாணம் பேசி வைத்திருக்க, அவள் வின்சன்ற்றைக் கட்டினாள். "உன்ரை வேலிப் படலையை இந்தக் கையாலை திறக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டேன். தாயின் செத்தவீட்டிலும் நாங்கள் கதைக்கவில்லை.

என்னைக் கேளாமல் எடுத்தாளாம்! கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ? தெரியாது.

மார்ச் 18, வெள்ளி

செபநாயகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"வயித்தாலை போகுது, அண்ணை. நாளைக்கு எனக்குப் பதிலா நீர் போய் இரும்."

"எனக்கென்ன விசரோ?"

"சூசையப்பர்ரை இலை வெறுமையாக் கிடந்தால் நேர்த்தி முறிஞ்சுபோம். பெண்சாதியின்ரை நேர்த்தியை முறிக்கப் போறீரோ?"

கிழிந்த வலையை எடுத்துப் பின்னத் தொடங்கினேன். அவர் விடவில்லை.

"ஏழைக் கிழவன்தானே வேணும்? உம்மைவிட ஏழை ஆர் இஞ்சை?"

எனக்குச் சொந்த வள்ளம் இருக்கிறது. கல்வீடு இருக்கிறது. ஆனாலும் இரவு வேட்டியைத் தோய்த்துக் காயப்போட்டேன்.

மார்ச் 19, சனி

போனேன்.

படலை முன்பே திறந்து கிடந்தது. மரியரட்ணம் வாசலில் நின்றாள். என்னைக் கண்டு அவள் அதிசயப்படவில்லை. "வாங்கோ, சூசையப்பரே" என்றாள். பலகையில் இருத்தினாள். வின்சன்ற் செம்பால் தண்ணீர் வார்க்க, அவள் என் காலைக் கழுவினாள். காலெல்லாம் வெடிப்பு, உப்பு அரித்த கால் — ஐயோ, என்ரை பிள்ளையின்ரை கை இதிலையோ —

"சூசையப்பரே, தண்ணி சுடுதோ?" என்றான் வின்சன்ற். அவன் என்னோடு கதைத்த முதல் வார்த்தை. இல்லை என்று தலையாட்டினேன்.

மாதாவாக இருந்த கைம்பெண்ணும் பாலனாக இருந்த அவளுடைய பிள்ளையும் பக்கத்தில் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். என் பேத்தி அற்புதராணிக்கு ஐந்து வயது. இன்றுதான் கிட்டப் பார்த்தேன். அவள் தாயின் சேலையை இழுத்தாள்.

"சூசையப்பர் ஏனம்மா அழுறார்? கறி உறைப்போ?"

வின்சன்ற் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன்.

"போதுமோ, சூசையப்பரே?" என்று மகள் கேட்டாள். ஓம் என்று சொல்லி எழும்புவதுதான் முறை.

"இன்னும் கொஞ்சம் சொதி விடு, பிள்ளை" என்றேன்.

அகப்பை அப்படியே நின்றது. "விடுறன், அப்பு" என்றாள். இலை நிரம்பி வழிய விட்டாள்.

கை கழுவப் போனபோது குசினிக்குள் பார்த்தேன். செபநாயகம் மூன்றாம் முறை சோறு வாங்கிக்கொண்டிருந்தார்.

மார்ச் 20

சாப்பாடு முடியுமுன் அப்பு என்று கூப்பிட்டாளே, நேர்த்தி முறிந்ததோ என்று உபதேசியாரைக் கேட்டேன். "சூசையப்பரும் ஒரு தகப்பன்தானே, அண்ணை" என்றார்.

ஏப்ரல் 17, உயிர்த்த ஞாயிறு

நிறைய எழுத நினைத்தேன். "மாமா, சோறு ஆறுது" என்று வின்சன்ற் இரண்டாம் முறையும் கூப்பிட்டுவிட்டான்.