தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு பாறு

சூளகிரி
வெள்ளிக்கிழமை

அன்புள்ள சுவேதா அப்பாவுக்கு,

இங்கு நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? நேற்று போனில் வீட்டைப் பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்குப் போ என்று சொல்லிப் பாதியில் வைத்துவிட்டீர்கள். என்னைப் பேசவே விடாததால் எழுதுகிறேன். இன்று உங்கள் புனே கம்பெனிக்குத் திரும்பும் சுடலைமுத்து அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை நம் மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் அந்தப் பாறு, அதுதான் அந்தப் பிணந்தின்னிக் கழுகு, வந்து உட்கார்ந்தது. இறக்கை விரித்தால் மாடியில் பாதி. வனக்காவலர் முனீஸ்வரன் வந்து பார்த்தார். இமயமலைப் பாறாம், நம் ஊர்க் கழுகு, பருந்து எல்லாவற்றையும்விடப் பெரிய இனமாம். குஞ்சுப் பருவம் தாண்டியதுதான், வழிதவறிக் களைத்திருக்கிறது, பசியாறினால் தானே போய்விடும் என்றார்.

யார் கேட்டார்கள்? பிணந்தின்னி உட்கார்ந்த வீட்டில் ஆள் தங்கினால் சாவு விழும் என்று எதிர்வீட்டு மாரம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். வீட்டைப் பூட்டிச் சாந்தி செய்யாவிட்டால் அடுத்த ஞாயிறு சுவேதாவின் நிச்சயத்துக்கு வரமாட்டோம் என்று ஜூஜுவாடியிலிருந்து சம்பந்தி சொல்லியனுப்பினார். மாப்பிள்ளை கௌதம் மட்டும் அப்பாவுக்குத் தெரியாமல் பைக்கில் வந்து பறவையைப் படமெடுத்துக்கொண்டு போனான்.

கரியப்பன் மாமா பலி கொடுத்தால் இறங்கிவிடும் என்று ஒரு சேவலை உயிரோடு தொட்டியடியில் கட்டினார். பாறு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேவல்தான் நாளெல்லாம் கூவித் தொண்டை கட்டிக்கொண்டது. முனீஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டார். பாறுக்குக் கால் நகத்தில் பிடியே கிடையாது, செத்ததை மட்டும்தான் தின்னும் என்றார். கருடன் நம் கோழிக்குஞ்சைத் தூக்கினாலும் வட்டமிடும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். ஓர் உயிரையும் கொல்லாத இதன்மேல் கல் எறிகிறார்கள். எனக்கு வந்த எரிச்சலை எங்கே போய்ச் சொல்ல!

நேற்று மங்கம்மாவின் ஆடு ஹைவேயில் அடிபட்டுச் செத்தது. வலி ஊசி போட்ட ஆடு என்றால் பாறுக்கு விஷமாம். போடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, முனீஸ்வரன் அதைப் பாறைமேட்டில் போடச் சொன்னார். பாறு இறங்கித் தின்றது. இன்று காலை வடக்கே பறந்துவிட்டது. ஆனாலும் சம்பந்தி இன்னும் வீட்டைப் பூட்டத்தான் சொல்கிறார்.

சுவேதாவுக்குக் கௌதமைப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு பறவைக்காக நம் வீட்டைப் பூட்டினால், நாளை எனக்கு ஒன்று என்றால் என்னையும் வெளியே தள்ளமாட்டார்களா என்று கேட்கிறாள். அப்பா என்ன சொன்னார் என்றும் கேட்டாள். நீங்கள் சொன்னதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

நான் பூட்டு வாங்கப்போவதில்லை. அடுத்த ஞாயிறு நிச்சயத்தன்று கோலம் போட்டுக் கதவைத் திறந்து வைத்திருப்பேன். யார் வராவிட்டாலும் நீங்கள் வந்து அந்த வாசலில் நில்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
மாதேஸ்வரி