கழற்றிய பிளக்

12.6.94, ஞாயிறு
மெர்சிக்கு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து மாட்டுவது எப்படி என்று காட்டினேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். என் டி.வி.எஸ். 50-ஐ என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள். கல்யாணமாகி மூன்று மாதம். இன்றுதான் கேட்கத் தோன்றியது, ஓட்ட யார் கற்றுக்கொடுத்தது என்று. அவள் உப்புத்தாளை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"மறைக்காம சொல்லு. எனக்குக் கோவமெல்லாம் வராது."

"காரமடையில ஈஸ்வரமூர்த்தின்னு ஒருத்தருங்க. கட்டிக்கலாம்னு இருந்தோம். ரெண்டு ஊட்லயும் ஒத்துக்கல. உட்டுப்போட்டோம்."

கோபம் இல்லை என்று எழுதத்தான் நோட்டை எடுத்தேன்.

14.6.94
கம்பெனியில் பம்ப் டெஸ்டிங்கில் இரண்டு ரீடிங்கைத் தப்பாக எழுதிவிட்டேன். அவன் பின்னால் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தானா? ஹேண்டில் பாரை அவனும் பிடித்தானா? கேட்டே விட்டேன்.

"கேட்டதுக்கெல்லாம் சொல்லீட்டேன். இதுக்குச் சொல்ல மாட்டேனுங்க."

15.6.94
காலையில் பிளக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு அவள் பஸ்ஸில் போகட்டும்.

சாயங்காலம் கையை நீட்டினாள். "பிளக்கக் குடுங்க."

வண்டி கிளம்பாததும் சரியாக அங்கேயே பார்த்திருக்கிறாள். அதையும் அவன்தான் சொல்லிக்கொடுத்தானா என்றேன். ஏன் அப்படிக் கேட்டேன்?

"அவரு ஓட்டத்தான் கத்துக்குடுத்தாரு. பிளக்கு நீங்க காட்டுனதுங்க, போன ஞாயித்துக்கெழம. ஓட்டாதேன்னு நேரா சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்."

16.6.94
பிளக்கை மாட்டிவைத்தேன். பஸ்ஸில்தான் போனாள்.

17.6.94
பஸ்.

18.6.94
பையில் சேலைகளை அடுக்கிவிட்டாள். "திங்கக்கெழம லீவு சொல்லியிருக்கேன். காரமடையில அம்மா ஊட்டுக்குப் போறேனுங்க." எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லை. அவள் 'வாரேன்' என்று சொல்லாமல் போனதே கிடையாது.

"பிளக்க எடுத்தது கேவலம். தப்பு என்மேலதான்" என்றேன்.

"கேவலந்தானுங்க" என்றாள். அவ்வளவுதான். பையைப் பிரிக்கவில்லை.

19.6.94, ஞாயிறு
மாதா கோயில் பூசைக்குக் கிளம்பும்போது வண்டியை அவளே மிதித்துக் கிளப்பினாள். "ஏறுங்க."

ஏறினேன்.

கோயிலுக்கு முன் டீக்கடையில், டெஸ்டிங்கில் என்னோடு வேலை செய்யும் இஸ்மத். "என்னங்க பிரான்சிஸ், பின்சீட்டுக்கு மாத்திப்போட்டாங்களா? அம்மணி எங்க ஓட்டிப் பழகுனாங்க?"

மெர்சியின் முதுகு விறைத்தது.

"காரமடையில" என்றேன். "நல்லா பழக்கியிருக்காங்க."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து சேலைகளை எடுத்து பீரோவில் வைத்தாள். இரண்டு சேலை இன்னும் பையில் இருக்கின்றன. நான் எதுவும் கேட்கவில்லை.