மரியாதைக்குச் சொன்னது

ஜூலை 14, திங்கள்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். அம்மாவிடமும்தான். அம்மா அழுதுகொண்டே அப்பாவிடம் கொடுத்துவிடுவாள்.

மாதா திருவிழா முடிந்ததும் என்னை மெட்டில்டா அத்தையோடு குஜராத்துக்கு அனுப்பப் போகிறார்கள். இறால் கம்பெனிக்கு. என் அக்கா விஜிலா இரண்டு வருடமாக அங்கேதான் இறால் உரிக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அவள் விரல்நுனிகள் வெந்தது போல வெளுத்திருந்தன. விடியுமுன் ஐஸ் தண்ணீரில் கை வைத்தால் இருட்டும்வரை எடுக்க முடியாதாம். என் பேனாவை வாங்கிப் பிடித்துப் பார்த்தாள். நழுவி விழுந்தது. சிரித்தாள்.

நான் பத்தாம் வகுப்பு.

ஜூலை 17, வியாழன்

சொல்லிவிட்டேன். தொண்டு நிறுவனத்திலிருந்து மாதம் ஒருமுறை எங்கள் பள்ளிக்கு வரும் சுஜிதா அக்காவிடம். சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் வைத்துச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சொன்னது நம்ம ரெண்டு பேருக்குள்ள. உன் பேர எங்கயும் சொல்ல மாட்டேன்மா" என்றார்.

பல நாளைக்கப்புறம் இன்றுதான் சோறு இறங்கியது.

ஜூலை 19, சனி

யாரும் வரவில்லை. நல்லதா, கெட்டதா?

ஜூலை 21, திங்கள்

எங்கள் ஊரில் வெளியாள் யார் வந்தாலும், கொசு மருந்து அடிக்கிறவர்கூட, முதலில் கோயில் பக்கத்து ஊர்க் கமிட்டி அறையில் போய் எந்த வீட்டுக்கு, எதற்கு என்று சொல்லிவிட்டுத்தான் தெருவில் இறங்க வேண்டும். சுஜிதா அக்காவும் அப்படியே செய்திருக்கிறார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, கொடுத்த சோடாவைக் குடித்துவிட்டு, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். எந்த வீடு, எந்தப் பிள்ளை, யார் கூட்டிப்போகிறார்கள்...

கமிட்டித் தலைவர் பவுல் பெரியப்பா. அப்பாவுக்கு அண்ணன். மெட்டில்டா அத்தைக்கும் அண்ணன்.

அக்கா எங்கள் வாசலுக்கு வரும் முன்னே அப்பாவுக்குப் போன் வந்துவிட்டது. அக்கா போனபிறகு பெரியப்பா வந்தார். "நம்ம ஊர்ல நாய்கூட கமிட்டியக் கேட்டுட்டுத்தான் கொலைக்கும். இவ யாரக் கேட்டு வாயத் தொறந்தா?" அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்பா அடித்ததெல்லாம் கழுத்துக்குக் கீழே. யூனிபார்ம் மறைத்துவிடும்.

ஜூலை 23, புதன்

கமிட்டி அறையில் கூட்டம். சுஜிதா அக்கா அழகான கையெழுத்தில் எழுதினார்: 'மாணவியின் படிப்பைத் தொடரச் செய்வதாகப் பெற்றோர் உறுதி அளிக்கின்றனர்.' அப்பா கையெழுத்துப் போட்டார். சாட்சிக்குப் பெரியப்பா.

பிறகு சுஜிதா அக்கா எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார்: "இப்ப உனக்குச் சந்தோஷம்தானே ஆனி?"

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேறென்ன சொல்ல முடியும்? தலையாட்டினேன். கையெழுத்தும் போட்டேன். பெரியப்பா போட்டோ எடுக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் மெதுவாகக் கேட்டேன், "பேரச் சொல்ல மாட்டேன்னீங்களேக்கா?"

"மரியாதைக்குச் சொன்னேன்மா. அவர் உன் பெரியப்பான்னு எனக்குத் தெரியாது. சொல்லாம வந்தா ஊருக்குள்ளயே விட மாட்டாங்க. இவங்களப் பகைச்சுக்கிட்டா நாளைக்கு வேற ஒரு பிள்ளைக்காக நான் எப்படி வர முடியும்?"

அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. வேற பிள்ளை! அப்போ நான் என்ன, பிள்ளை இல்லையா?

ஜூலை 29, செவ்வாய்

எனக்குப் புதுப் பை வாங்கி வந்திருக்கிறார்கள். பள்ளியில் மஞ்சள்காமாலை என்று சொல்லிவிட்டார்களாம். அம்மா கடைக்குப் போன நேரத்தில் அவள் போனில் சுஜிதா அக்காவைக் கூப்பிட்டேன்.

"பேப்பர்ல எல்லார் கையெழுத்தும் இருக்கே ஆனி. கேஸ முடிச்சு ஆபீஸுக்கு அனுப்பியாச்சு. சரி, அழாத. நான் தலைவர்ட்ட ஒரு வார்த்தை பேசுறேன்."

"வேண்டாங்கா. பேசாதீங்கக்கா, ஒங்க கால்ல விழுதேன்."

ஜூலை 30, புதன்

பேசிவிட்டார்.

ஆகஸ்ட் 6, புதன்

திருவிழா நேற்று முடிந்தது. விடியக்காலை நாலு மணிக்கு வேன், மதுரையில் ரயில். சாயங்காலம் முழுக்க அத்தை எனக்குப் பாடம் நடத்தினாள். "போலீஸ் கேட்டாலும் டிக்கெட் பாக்கவன் கேட்டாலும் பதினெட்டுன்னு சொல்லணும், என்னளா? திக்குனே, தொலைச்சுப் போடுவேன்." அம்மா தேங்காய் திருவிக்கொண்டே இருந்தாள், தலை நிமிரவில்லை.

பதினைந்து என்று சொல்வேன். போர்வைக்குள் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன். பதினைந்து. பதினைந்து. ஆனால் கேட்கிறவர் என்னைப் பார்த்துக் கேட்பாரா, அத்தையைப் பார்த்துக் கேட்பாரா?

கதவு தட்டுகிறார்கள். மணி இரண்டுதான் ஆகிறது. நாலு மணிக்கு என்றார்களே. ஒருவேளை—

இல்லை. அத்தையின் குரல். "எந்திரிளா ஆனி, வண்டி முந்தியே வந்துட்டு. எங்க, வயசு எத்தனன்னு சொல்லு பாப்போம்."

நான்